தாடை எலும்பில் இம்பிளான்டைச் சுற்றி எங்கே சுமை குவிகிறது? மடிக்கணினியில் நாமே கணித்துப் பார்க்க முழுமையான வழிகாட்டி

அம்மாவுக்குக் கீழ்த்தாடையின் வலப்பக்க முதல் கடைவாய்ப்பல் போய் ஆறு வருடமாகிறது. ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். பல் போன பிறகு ரொட்டியையும் கட்டச்சம்பலையும் இடப்பக்கத்தால் மட்டும் மெல்லப் பழகிக்கொண்டார். வெற்றிலையை மட்டும் விடவில்லை. அந்த இடத்தில் இம்பிளான்ட் (எலும்புக்குள் பதிக்கும் டைட்டேனிய வேர்; அதன் மேல்தான் பல்மூடி என்ற செயற்கைப் பல் வரும்) வைக்கலாமா என்று கேட்கக் கண்டிக்கு அழைத்துப் போனேன். டொக்டர் பொறுமையாக விளக்கினார். எலும்பின் மேல்விளிம்பில்தான் சுமை குவியும், பக்கவாட்டு விசைதான் கெடுதல், பல்மூடி அகலமாக இருக்கக் கூடாது என்றார். நான் இயந்திரப் பொறியியல் படித்தவன். ஏன் மேல்விளிம்பில், எவ்வளவு, எதை மாற்றினால் குறையும் என்று கணக்குப் போட்டுப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

சில வாரம் கழித்து முதல் படம் திரையில் வந்தது. இம்பிளான்டின் கழுத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம். அம்மா பின்னால் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, இந்தச் செவப்பா இருக்கிற எடந்தான் வலிக்குமா?"

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தச் சிவப்புக்கு என்ன பொருள் என்று விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு வருடம் எடுத்தது. அந்த வருடத்தில் கற்றதை நீங்கள் சில வாரங்களில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்து, தகைப்பு, விகாரம், யங்கின் மட்டு என்ற மூன்று சொற்களும் நினைவில் இருந்தால் போதும். பல் மருத்துவ மாணவர்களுக்கும் இது விளங்க வேண்டும் என்று நினைத்தே எழுதியிருக்கிறேன்.

கணினியைத் திறக்குமுன்: வேலிக் கம்பு

லயன் வீட்டுப் பின்பக்கத்து மரக்கறிப் பாத்திக்கு வேலி போட்டவர்களுக்கு இந்த விஷயம் பாதி தெரியும். மண்ணில் ஊன்றிய கம்பை மேலிருந்து நேராக அழுத்தினால் ஒன்றும் ஆகாது. அதையே பக்கவாட்டில் தள்ளினால் கம்பின் வாயருகே மண் ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் விலகி இடைவெளி விழும். அடிமுனை எதிர்ப்பக்கமாக உதைக்கும். மேல்மண் வெயிலில் காய்ந்து இறுகி, அடிமண் ஈரமாக இளகி இருந்தால், முழுப் பாரத்தையும் அந்த மேல்தட்டே ஏற்கும்.

தாடை எலும்பும் இப்படித்தான். வெளியே கெட்டியான புறணி எலும்பு, உள்ளே துளைகள் நிறைந்த பஞ்சு எலும்பு. டைட்டேனியக் கம்பு இரண்டையும் ஊடுருவி நிற்கிறது. நாம் செய்யப்போவது இந்த வேலிக் கம்பின் கணக்கைத்தான். வடிவம் சிக்கலானது என்பதால், பொருளை ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் விசைச் சமநிலையை எழுதி, எல்லாவற்றையும் சேர்த்துக் கணினியைத் தீர்க்கச் சொல்கிறோம். இதற்கு ஃபைனைட் எலிமெண்ட் முறை என்று பெயர். விமானத்துக்கும் பாலத்துக்கும் வளர்ந்த இந்த முறையை 1970களிலேயே பல் இம்பிளான்டுக்கும் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள்.

படி 1: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"இம்பிளான்டைச் சுற்றித் தகைப்பு எப்படி இருக்கும்?" என்பது கேள்வியாகாது. "4 மி.மீ. விட்டமுள்ள இம்பிளான்டையும் 5 மி.மீ. விட்டமுள்ளதையும் ஒரே எலும்பில் வைத்து, ஒரே சாய்வு விசையைக் கொடுத்தால், மேல்விளிம்பு எலும்பின் விகாரம் எந்த அளவுக்கு மாறும்?" என்பது கேள்வி. இந்த மாதிரிகளின் பலம் ஒப்பீட்டில்தான் இருக்கிறது. ஒருவருடைய எலும்பு உடையுமா, உடையாதா என்று தனி எண்ணாகச் சொல்ல இதை நம்பாதீர்கள். இதற்கும் அதற்கும் எது மேல் என்று கேட்டால் நல்ல பதில் தரும்.

படி 2: கருவிகள்

காசு கொடுத்து வாங்கும் பெரிய மென்பொருள்கள் வேண்டியதில்லை. வடிவம் வரைய ஃப்ரீகாட், வலை பின்ன (அதாவது வடிவத்தைச் சின்னத் துண்டுகளாக வெட்ட) ஜிமெஷ், கணக்குத் தீர்க்கக் கால்குலிக்ஸ். மூன்றும் இலவசம். ஃப்ரீகாடுக்குள்ளேயே மற்ற இரண்டையும் இயக்கலாம். விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு ப்ரீபோமேக்ஸ் இன்னும் இலகு. அதுவும் கால்குலிக்ஸைத்தான் உள்ளே ஓட்டுகிறது, இரு பரப்புகள் தொட்டு உராயும் கணக்குகளுக்கு எனக்கு அதுதான் கைக்கு வசதி. ஸ்கேனிலிருந்து எலும்பைப் பிரித்தெடுக்க த்ரீடி ஸ்லைசர். ஆனால் அது இப்போதைக்கு வேண்டாம்.

2022இல் இலங்கையில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்ற நாட்களில் நான் இதைக் கற்றுக்கொண்டிருந்தேன். பற்றரி தாங்கும் நேரத்துக்குள் முடிகிற மாதிரியைத்தான் ஓட்ட முடியும். அதனால் சின்ன மாதிரியாகக் கட்டி, என்ன செய்கிறேன் என்று யோசித்துவிட்டு ஓட்டும் பழக்கம் வந்தது. மின்சாரம் ஒழுங்கான பிறகும் அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை.

படி 3: விடை தெரிந்த கணக்கை முதலில் ஓட்டுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். 10 × 10 × 100 மி.மீ. அளவில் ஒரு கட்டை வரையுங்கள். யங்கின் மட்டு 13,700 மெகாபாஸ்கல், பொயிசன் விகிதம் (ஒரு பக்கம் இழுத்தால் குறுக்கே எவ்வளவு ஒடுங்கும் என்ற அளவு) 0.3. ஒரு முனையை இறுக்கிப் பிடித்து, மறுமுனையில் 100 நியூட்டன் கீழ்நோக்கிக் கொடுங்கள். கையால் போட்டால் முனை 2.92 மி.மீ. இறங்க வேண்டும், கட்டையின் நடுவே மேற்பரப்பில் 30 மெகாபாஸ்கல் தகைப்பு வர வேண்டும். கணினியும் அதற்குக் கிட்டச் சொன்னால் உங்கள் அலகுகள் சரி, கருவி சரி.

அலகு விஷயத்தில் ஒரே விதி: மில்லிமீட்டர், நியூட்டன், மெகாபாஸ்கல். இந்த மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தும். நடுவில் எங்காவது ஒரு பாஸ்கல் நுழைந்தால் விடை பத்து லட்சம் மடங்கு பிழைக்கும், கணினி ஒரு வார்த்தை சொல்லாது.

இதே கட்டையை நான்கு கணு (கணு என்பது துண்டுகள் ஒன்றோடொன்று இணையும் புள்ளி) நான்முகித் துண்டுகளால் ஒரு முறை, பத்துக் கணு நான்முகித் துண்டுகளால் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். நான்கு கணுத் துண்டு வளைய மறுக்கும், இறக்கத்தைக் குறைத்துச் சொல்லும். அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தவர் அப்புறம் பத்துக் கணுவைத்தான் எடுப்பார்.

படி 4: வடிவம்

எல்லோருக்கும் முதலில் உண்மையான ஸ்கேனிலிருந்து தொடங்க ஆசை. எனக்கும் இருந்தது. வேண்டாம் என்பேன். ஸ்கேன் மாதிரியில் பிழை வந்தால் அது வலையாலா, பொருளாலா, பிடிப்பாலா என்று கண்டுபிடிக்கவே முடியாது. முதலில் ஒரு பெட்டி எலும்பு செய்யுங்கள்.

கீழ்த்தாடையின் கடைவாய்ப் பகுதியிலிருந்து வெட்டிய துண்டாக நினைத்து, 40 மி.மீ. நீளம், 25 மி.மீ. உயரம், 12 மி.மீ. அகலம் எடுங்கள். சுற்றிலும் 2 மி.மீ. தடிப்பில் புறணி எலும்பு, உள்ளே பஞ்சு எலும்பு. நடுவில் 4 மி.மீ. விட்டமும் 10 மி.மீ. நீளமும் உள்ள இம்பிளான்ட். அதன் மேல் அபட்மென்டும் (இம்பிளான்டையும் பல்மூடியையும் இணைக்கும் துண்டு) பல்மூடியும் சேர்த்து 10 மி.மீ. உயரம்.

மரை? முதல் மாதிரியில் மரையில்லாத உருளை போதும். மேல்விளிம்பில் சுமை எப்படிப் பரவுகிறது என்ற கேள்விக்கு அது ஓரளவுக்குச் சரியாகவே பதில் சொல்லும். பஞ்சு எலும்பில் மரைக்கு மரை என்ன நடக்கிறது என்பது உங்கள் கேள்வியானால் மட்டும் மரையை வரையுங்கள். அப்போது மரையின் கூர் ஓரங்களைக் கொஞ்சம் உருட்டிவிட மறக்காதீர்கள். ஏன் என்று படி 8இல் வரும்.

ஃப்ரீகாடில் எலும்பையும் இம்பிளான்டையும் தனித்தனித் திண்மங்களாக வரைந்து, பூலியன் ஃபிராக்மென்ட்ஸ் என்ற கட்டளையால் ஒன்றுசேர்த்தால், இரண்டுக்கும் பொதுவான முகம் ஒன்றே ஆகிவிடும். வலையின் கணுக்களும் அங்கே பொதுவாக இருக்கும். அதாவது இரண்டும் ஒட்டிவிட்டன என்று பொருள். ஒவ்வொரு திண்மத்துக்கும் தனித்தனிப் பொருள் கொடுக்கலாம்.

பெட்டி எலும்பு ஒழுங்காக ஓடிய பிறகு ஸ்கேனுக்குப் போகலாம். சிகிச்சைக்காக ஏற்கனவே எடுத்த சிபிசிடி ஸ்கேனை (பல் மருத்துவத்தில் எடுக்கும் முப்பரிமாண எக்ஸ்ரே), அந்த நபரின் சம்மதத்தோடு, பெயரும் அடையாள விவரங்களும் நீக்கிய பிறகே பயன்படுத்துங்கள். மாதிரி செய்வதற்கென்று ஒருவரைக் கதிருக்கு உட்படுத்துவது நியாயமில்லை. பல்கலைக்கழகத்தில் செய்கிறீர்கள் என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். பழைய வெள்ளி அடைப்புகள் உள்ள வாயில் ஸ்கேன் முழுக்கக் கோடு கோடாகக் கீறல் விழும், அதை ஸ்லைசரில் கையால்தான் சுத்தம் பண்ண வேண்டும். இன்னொன்று: சிபிசிடியின் சாம்பல் அளவுகளை மருத்துவமனை சிடி ஸ்கேனின் அடர்த்தி எண்களைப்போல் அப்படியே நம்பி எலும்பின் விறைப்பைக் கணக்கிடாதீர்கள். ஒரே எலும்பு, வாயில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துக்கூட அந்த அளவு மாறும்.

படி 5: பொருளின் எண்கள்

டைட்டேனியக் கலவைக்கு யங்கின் மட்டு 110,000 மெகாபாஸ்கல், பொயிசன் விகிதம் 0.35. புறணி எலும்புக்கு 13,700, பஞ்சு எலும்புக்கு 1,370, இரண்டுக்கும் பொயிசன் விகிதம் 0.3. பல்மூடி சிர்கோனியாவானால் 210,000 அளவில் எடுக்கலாம். ஆய்வுக் கட்டுரைகளில் இந்த எண்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள்.

டைட்டேனியம் புறணி எலும்பைவிட எட்டு மடங்கு விறைப்பு, பஞ்சு எலும்பைவிட எண்பது மடங்கு. ஆகவே கம்பு வளையாது, எலும்புதான் இசைந்து கொடுக்க வேண்டும். பஞ்சு எலும்பு இளகிக் கொடுப்பதால் சுமையின் பெரும்பகுதி மேலேயுள்ள மெல்லிய புறணித் தட்டுக்குப் போகிறது. டொக்டர் சொன்ன 'மேல்விளிம்பு' இதுதான்.

உண்மையான எலும்பு எல்லாத் திசையிலும் ஒரே விறைப்பாக இராது. கீழ்த்தாடை, அதன் நீளவாக்கில் அதிக விறைப்பு. அதையும் மாதிரியில் சேர்க்கலாம், ஆனால் முதல் நாளே வேண்டாம். அதைவிட முக்கியமானது எலும்பின் தரம். லெக்ஹோமும் ஸார்பும் 1985இல் தாடை எலும்பை நான்கு வகையாகப் பிரித்தார்கள். கிட்டத்தட்ட முழுவதும் கெட்டியான எலும்பு முதல் வகை, முட்டை ஓடு போன்ற புறணியும் உள்ளே ஐதான பஞ்சும் நான்காம் வகை. உங்கள் மாதிரியில் புறணித் தடிப்பை 2 மி.மீ., 1 மி.மீ., 0.5 மி.மீ. என்று மாற்றி ஓட்டுங்கள். பஞ்சு எலும்பின் யங்கின் மட்டு எண்ணையும் பாதியாக்கிப் பாருங்கள். விடை எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்தால், 13,700க்கும் 14,000க்கும் இடையே சண்டை பிடிப்பது வீண் என்று விளங்கும்.

படி 6: எலும்பும் உலோகமும் தொடும் இடம்

ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரோனமார்க் 1952இல் முயலின் எலும்புக்குள் வைத்த டைட்டேனியக் கருவியைக் கழற்ற முடியாமல் போனதைக் கவனித்தார். எலும்பு அதோடு நேரடியாகப் பிணைந்திருந்தது. 1965இல் முதல் மனிதருக்கு அந்தத் தத்துவத்தில் பல் இம்பிளான்ட் வைத்தார். அந்தப் பிணைப்பு முழுமையாகிவிட்டது என்று எடுத்தால், மாதிரியில் இரண்டு பரப்பையும் ஒட்டிவிடலாம். நம் பூலியன் ஃபிராக்மென்ட்ஸ் அதைத்தான் செய்தது.

ஆனால் இம்பிளான்ட் வைத்த அன்றே பல்மூடியும் போட்டால் என்ன ஆகும் என்று கேட்கிறீர்களா? அப்போது பிணைப்பு இன்னும் வரவில்லை. பரப்புகள் தொடும், உராயும், விலகும். உராய்வுக் குணகம் 0.3 என்று கொடுத்து ஓட்டுவது வழக்கம். கணக்கு அதிக நேரம் எடுக்கும், விடை ஒட்டிய மாதிரியிலிருந்து கணிசமாக வேறுபடும். இரண்டையும் ஓட்டி அருகருகே வைத்துப் பார்த்தால், டொக்டர்கள் ஏன் கீழ்த்தாடையில் மூன்று மாதம் அளவில் காத்திருக்கும் வழக்கத்தைப் பின்பற்றினார்கள் என்று கண்ணுக்குத் தெரியும். பிணைந்த பிறகும் உலோகப் பரப்பு முழுவதையும் எலும்பு தொடுவதில்லை என்பதை நினைவில் வையுங்கள். ஒட்டிய மாதிரி எப்போதும் நல்ல நிலைமையைத்தான் காட்டும்.

படி 7: பிடிப்பும் விசையும்

முழு வழிகாட்டியிலும் இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். வலை பின்னுவதில் ஒரு வாரம் செலவழித்துவிட்டு, பிடிப்பையும் விசையையும் ஐந்து நிமிடத்தில் போட்ட மாதிரிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். என் முதல் மாதிரியும் அப்படித்தான் இருந்தது. எலும்புத் துண்டின் அடிப்பரப்பை முழுதாக இறுக்கிவிட்டேன். படத்தைப் பார்த்த டொக்டர் கேட்டது ஒரே கேள்வி: "தாடை எந்த மேசை மேல் வைத்திருக்கிறது?"

தாடைக்கு அடியில் ஒன்றுமில்லை. அது காதருகே இரண்டு மூட்டுகளில் தொங்குகிறது, தசைகள் அதை மேலே இழுக்கின்றன. துண்டு மாதிரியில் முன்முகத்தையும் பின்முகத்தையும் இறுக்குவது உண்மைக்கு நெருக்கம். அந்தப் பிடிப்பு விடையைக் கெடுக்கிறதா என்று சோதிக்க, துண்டின் நீளத்தை 40இலிருந்து 50 மி.மீ. ஆக்கி மறுபடி ஓட்டுங்கள். இம்பிளான்டைச் சுற்றிய தகைப்பு மிகச் சிறிதே மாறினால் சரி. நிறைய மாறினால் இன்னும் நீட்டுங்கள். முழுத் தாடையும் தசையும் சேர்ந்த மாதிரி இன்னொரு பெரிய வேலை, பல இம்பிளான்டுகளை ஒரே சட்டத்தில் இணைக்கும்போதுதான் அது கட்டாயம்.

இனி விசை. கடிக்கும் விசை நேர் கீழ்நோக்கி மட்டும் இருப்பதில்லை. கட்டுரைகளில் அடிக்கடி வரும் ஒரு தொகுதி இது: கீழ்நோக்கி 114.6 நியூட்டன், நாக்குப் பக்கமாக 17.1, முன்பின் திசையில் 23.4. மூன்றும் சேர்ந்து 118.2 நியூட்டன். இதில் பக்கவாட்டுப் பங்கு சுமார் 29 நியூட்டன்தான், சின்னதாகத் தெரியும். ஆனால் அது எலும்புக்கு 10 மி.மீ. மேலே வேலை செய்கிறது. 29ஐ 10ஆல் பெருக்கினால் எலும்பின் வாயில் 290 நியூட்டன் மி.மீ. திருப்பம். வேலிக் கம்பைத் தள்ளுவது இந்தத் திருப்பம்தான்.

சாய்வு என்ன செய்யும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 நியூட்டன் நேராக இறங்கினால் திருப்பம் பூச்சியம். அதே 100 நியூட்டன் 15 பாகை சாய்ந்தால் 259 நியூட்டன் மி.மீ., 30 பாகையில் 500, 45 பாகையில் 707. கடியின் பலம் ஒரு நியூட்டன்கூடக் கூடவில்லை, திசை மட்டும்தான் மாறியது. மாதிரியிலும் இதையே காண்பீர்கள்: விசை சாயச் சாய மேல்விளிம்பு எலும்பு சிவந்துகொண்டே போகும்.

இங்கேதான் நம் ஊர் வாய் உள்ளே வர வேண்டும். மென்மையான சோற்றை மெல்லும் தாடையும், கொட்டைப் பாக்கைப் பக்கவாட்டில் அரைக்கும் தாடையும் ஒரே வேலையைச் செய்வதில்லை. வெளிநாட்டுக் கட்டுரையின் ஒற்றை விசையை அப்படியே எடுத்துப் போடாமல், சாய்வை ஒரு வீச்சாக மாற்றி ஓட்டுங்கள். யாருக்காகச் செய்கிறீர்களோ அவர் என்ன சாப்பிடுகிறார், எந்தப் பக்கத்தால் மெல்லுகிறார், இரவில் பல் நெறிக்கிறாரா என்று கேளுங்கள். நான் அம்மா மெல்லுவதை ஒரு வாரம் கவனித்துப் பார்த்தேன். பாக்கு வாயிலிருக்கும்போது தாடை கீழும் மேலுமாகப் போவதைவிடக் குறுக்காகப் போவதுதான் அதிகம். (எங்கள் டொக்டர் முதலில் சொன்னதே வெற்றிலையை விடுங்கள் என்பதுதான். அதற்குக் காரணம் இம்பிளான்ட் அல்ல: புகையிலை சேர்க்காத பாக்கும் வாய்ப் புற்றுநோய் தரும் என்பது உறுதியான விஷயம். அம்மா குறைத்திருக்கிறார், இன்னும் முழுதாக விடவில்லை. நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.)

படி 8: வலை

இம்பிளான்டைச் சுற்றி 0.3 மி.மீ. துண்டுகள், தூரத்தில் 1.5 மி.மீ. துண்டுகள் என்று தொடங்குங்கள். அப்புறம் கழுத்தருகே 0.2 ஆக்கி ஓட்டுங்கள், பிறகு 0.15. மேல்விளிம்பின் தகைப்பு உதாரணத்துக்கு 24, 29, 30 என்று வந்தால் விடை அடங்கிவிட்டது. 24, 33, 47 என்று ஏறிக்கொண்டே போனால் நீங்கள் ஒரு கூர் மூலையில் நிற்கிறீர்கள். உள்நோக்கிய கூர் மூலையிலும் இரண்டு பொருள் சந்திக்கும் ஓரத்திலும், கணிதப்படி தகைப்புக்கு முடிவே இராது. வலையை எவ்வளவு நுணுக்கினாலும் அது ஏறும். அந்த உச்ச எண்ணை அறிக்கையில் எழுதுவது பிழை.

இதற்கு இரண்டு வழி. முடிந்த இடத்தில் மூலையைச் சிறிய ஆரையால் உருட்டுங்கள். முடியாத இடத்தில் ஓரத்திலிருந்து 0.5 மி.மீ. தள்ளி ஒரு கோடு வரைந்து, எல்லா மாதிரியிலும் அந்தக் கோட்டின் மேல் உள்ள அளவையே ஒப்பிடுங்கள்.

படி 9: படத்தைப் பார்க்குமுன் கூட்டிப் பாருங்கள்

பிடித்த முகங்களின் எதிர்விசைகளைக் கூட்டுங்கள். நீங்கள் கொடுத்த 114.6, 17.1, 23.4 மூன்றும் எதிர்க்குறியோடு திரும்பி வர வேண்டும். வராவிட்டால் நிறுத்துங்கள்.

அடுத்து இம்பிளான்டின் கழுத்தைக் கையால் கணக்கிடுங்கள். 4 மி.மீ. திண்ம வட்டக் கம்பின் வளைவு மட்டு (வளைவை எதிர்க்கும் குறுக்குவெட்டு அளவு) 6.28 கன மி.மீ. 290 நியூட்டன் மி.மீ. திருப்பத்தை அதால் வகுத்தால் 46 மெகாபாஸ்கல். நேர்விசை 114.6 நியூட்டனைப் பரப்பளவு 12.6 சதுர மி.மீ.ஆல் வகுத்தால் 9. ஆக ஒரு பக்கம் 55 மெகாபாஸ்கல் அமுக்கம், எதிர்ப்பக்கம் 37 இழுவை. எலும்பு மட்டத்தில் கம்பின் வெளிப்பரப்புத் தகைப்பு இந்த அளவைச் சுற்றி வரவேண்டும்.

மூன்றாவது, அசைவு. வேரைச் சுற்றிய நார்ப்படலத்தால் இயற்கையான பல் நேர்விசைக்கு 25 முதல் 100 மைக்ரோமீட்டர் வரை அமிழும், பிணைந்த இம்பிளான்ட் 3 முதல் 5 மைக்ரோமீட்டர் அளவுக்குத்தான். உங்கள் இம்பிளான்ட் அரை மில்லிமீட்டர் அமிழ்ந்தால் எங்கோ ஒட்டவில்லை.

படி 10: சிவப்பைப் படிப்பது

ஒட்டிய மாதிரியில் விசையை 118.2இலிருந்து 1 நியூட்டனாக மாற்றி ஓட்டிப் பாருங்கள். அதே சிவப்பு வளையம் வரும். மென்பொருள் தானாக எடுக்கும் நிற அளவுகோலில், எது அதிகமோ அது சிவப்பு, அவ்வளவுதான். ஒரு ரோஜா இதழ் விழுந்தாலும் எங்கோ ஓரிடம் சிவக்கும். அம்மாவின் கேள்விக்கு முதல் பாதி விடை இது: சிவப்பு என்றால் வலி இல்லை, ஆபத்தும் இல்லை, மற்ற இடத்தைவிட அதிகம் என்று மட்டும்தான் பொருள். ஆகவே ஒப்பிடும் எல்லாப் படங்களுக்கும் ஒரே அளவுகோலைக் கையால் போடுங்கள். அளவுகோல் வேறுபடும் இரண்டு படங்களை அருகருகே வைத்தால் பார்ப்பவரை நாமே ஏமாற்றியதாகிவிடும்.

எந்த அளவைப் பார்ப்பது? வொன் மிசஸ் தகைப்பு உலோகத்துக்குப் பொருத்தம். அது இழுவையையும் அமுக்கத்தையும் ஒன்றாகக் கலந்துவிடும். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தை நினைத்துப் பாருங்கள். கல்லும் செங்கல்லும் சீமெந்தும் ரயிலின் பாரத்தை அமுக்கமாகவே வாங்கி நிற்கின்றன. அதே பாரம் இழுவையாக வந்திருந்தால் விரிந்திருக்கும். எலும்பு அந்த அளவுக்கு நொறுங்கும் பொருளல்ல என்றாலும், அமுக்கத்தைத் தாங்குமளவு இழுவையைத் தாங்காது. அதனால் எலும்பில் தலைமைத் தகைப்புகளை, அதாவது அதிகபட்ச இழுவையையும் அதிகபட்ச அமுக்கத்தையும், தனித்தனியாகப் பாருங்கள்.

அதைவிட முக்கியம் விகாரம். எலும்பு உயிருள்ளது, தன் மேல் வரும் விகாரத்துக்கு ஏற்பக் கூடும், குறையும். ஹெரல்ட் ஃப்ரொஸ்ட் என்ற எலும்பு மருத்துவர் அதற்குக் கொடுத்த வரம்புகளில், சுமார் 1,500 மைக்ரோ விகாரம் (ஒரு மைக்ரோ விகாரம் என்பது நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாற்றம்) வரை எலும்பு தன் நிலையைக் காக்கும், 3,000ஐத் தாண்டினால் சேதம் ஆற்றலை மிஞ்சத் தொடங்கும். இந்த 3,000ஐத் தகைப்பாக்கிப் பாருங்கள். புறணி எலும்பில் அது 41 மெகாபாஸ்கல். பஞ்சு எலும்பில் வெறும் 4.1.

இதைக் கணக்கிட்ட இரவில் என் பழைய படங்களை எல்லாம் திரும்பத் திறந்து பார்த்தேன். தகைப்புப் படத்தில் பஞ்சு எலும்பு எப்போதும் நீலமாக, நிம்மதியாகத் தெரிந்தது. அதே இடத்தை விகாரத்தில் பார்த்தால், மெல்லிய புறணியுள்ள மாதிரிகளில் இம்பிளான்டின் அடிமுனையைச் சுற்றி வேறு கதை. தகைப்புப் படம் மட்டும் போட்டு நிறுத்திவிட்டால் அது தெரியாமலே போகும். அம்மாவின் கேள்விக்கு மறுபாதி விடை இங்கே இருக்கிறது. கவனிக்க வேண்டிய இடம் சில வேளை சிவப்பாகவே இராது.

இந்த வரம்புகளைக் கத்தி வெட்டாக எடுக்காதீர்கள். 2,900 பாதுகாப்பு, 3,100 ஆபத்து என்று எலும்பு வாழ்வதில்லை. 3,000ஐத் தாண்டிய எலும்பின் கன அளவு எவ்வளவு, அது வடிவம் மாறும்போது கூடுகிறதா குறைகிறதா என்று பாருங்கள். ஒரு கணுவின் உச்ச எண்ணைவிட அது நம்பத் தகுந்தது.

படி 11: மாற்றி மாற்றி ஓட்டுதல், பிறகு கையளித்தல்

ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். விட்டம் 4, 5. நீளம் 8, 10, 12. புறணி 2, 1, 0.5. சாய்வு 0, 15, 30, 45. மேல்விளிம்புச் சுமையைக் குறைப்பதில் நீளத்தைவிட விட்டமே அதிகம் உதவுவதைப் பெரும்பாலும் காண்பீர்கள். வேலிக் கம்புக்கும் அப்படித்தான்: இறுகிய மேல்மண்ணில் கம்பு தடிப்பாக இருப்பதே உதவும். ஆனால் தடித்த இம்பிளான்டைச் சுற்றி மிஞ்சும் எலும்பு மெல்லியதாகிவிடும் என்பதையும் அதே மாதிரியில் பாருங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு கோப்புறை, அதற்குள் என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று இரண்டு வரி. இதைச் செய்யாதவர்கள் இருபதாவது ஓட்டத்தில் தொலைந்துபோவார்கள்.

பல் மருத்துவரிடம் கொண்டுபோகும்போது நூறு வண்ணப் படம் வேண்டாம். ஒரு பக்கம் போதும்: கேள்வி, எடுத்துக்கொண்ட எண்கள், பிடிப்பு, விசை, ஒரு வரைபு. பேராதனையில் பொறியியல் பீடமும் பல் மருத்துவ பீடமும் ஒரே பல்கலைக்கழகத்துக்குள் இருக்கின்றன. அங்கே படிக்கிற தம்பி தங்கைகள் ஆளுக்கொருவராகச் சேர்ந்து இதைச் செய்தால், நான் தனியாகத் தட்டித் தடவிய ஒரு வருடம் உங்களுக்கு மிச்சம்.

நான் அந்த ஒரு பக்கத்தை எங்கள் டொக்டரிடம் கொடுத்தேன். சாய்வு கூடக் கூட ஏறும் கோட்டைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார். "அம்மா மெல்லும் திசையை நம்மால் மாற்ற முடியாது. பல்மூடியின் அகலத்தை மாற்றலாம். அதைக் குறைத்து ஓட்டிக் காட்டுங்கள்" என்றார். அகலமான பல்மூடியின் ஓரத்தில், அச்சிலிருந்து 4 மி.மீ. தள்ளி 100 நியூட்டன் விழுந்தால் 400 நியூட்டன் மி.மீ. திருப்பம். ஒடுக்கி 2 மி.மீ. ஆக்கினால் 200. கையால் போட்டாலே பாதியாகிறது. எலும்பின் விகாரத்திலும் அது பாதியாகுமா என்று பார்க்க, பல்மூடியை 10 மி.மீ. அகலத்திலிருந்து 8க்கும் 6க்கும் வெட்டி, இந்தக் கிழமை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.